முத்திரை சொல்வது பாதிதான்

பழைய ராணுவ ரைபிள்களை இன்றும் சுடுபவர்களின் கைக்கு, மீண்டும் மருந்து நிரப்பிச் சுட வரும் பித்தளைத் தோட்டா உறைகளில் பெரும்பகுதி, வேறொருவர் சுட்டு முடித்தவை. ஏலத்தில் எடுத்த மூட்டையிலிருந்தோ, காலமான துப்பாக்கி சுடும் கழக உறுப்பினர் ஒருவரின் பெட்டியிலிருந்தோ வரும் .303 உறைகள், டம்ளர் எனும் சுழலும் மெருகுக் கருவியில் உருட்டி மெருகேற்றப்பட்டு, ‘ஒருமுறை சுட்டது’ என்ற ஒற்றை வாசகத்தோடு விலைக்கு வைக்கப்படுகின்றன. அந்த மெருகின்மீதுதான் நமக்கு ஆட்சேபம். பழைய உறையிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. யார், எப்போது செய்தார்கள்? அதன்பின் அது என்னென்ன பட்டது? முதல் கேள்விக்கு அடிப்புற முத்திரை பதில் சொல்லும். இரண்டாவதற்கான தடயங்களை மெருகு துடைத்துவிடுகிறது.

முத்திரையையும் முழுதாகப் படிக்க வேண்டும். .303 உறையில் ‘கே’ தனித்து நின்றால் பர்மிங்ஹாமின் கைனாக் நிறுவனம். கூடவே ‘எஃப்’ இருந்தால் புனேயை அடுத்த கிர்க்கீ தொழிற்சாலை. ரோமன் எழுத்தில் ஏழு என்றிருந்தால் 1910-இல் ஏற்கப்பட்ட ஏழாம் மார்க் தோட்டா; அதையடுத்து ‘இசட்’ வந்தால், உள்ளே இருந்தது கார்டைட் அல்ல, நைட்ரோசெல்லுலோஸ் மருந்து. அமெரிக்க .30-06 உறைகளில் ‘4’ என்ற ஒற்றை இலக்கத்தைக் கண்டு குழம்ப வேண்டாம், அது 1944. முந்தைய ஆண்டின் ‘43’ அச்சில் மூன்றை மட்டும் தேய்த்துவிட்டு ஆலைகள் வேலையைத் தொடர்ந்தன.

அடுத்து, உறைக்குள் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரே தீத்துளை இருந்தால் பாக்ஸர் வகை. மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான பிரைமரை, சுட்டு முடிந்தபின் வழக்கமான ஊசியால் தள்ளிவிடலாம். இரண்டு சிறு துளைகள் இருந்தால் பெர்டான்; பிரைமர் மோதி வெடிக்கும் பட்டடை உறையிலேயே அமைந்திருப்பதால் அதே ஊசியை இறக்கினால் ஊசி முறியும். எந்த வகையானாலும், பிரைமர் வெடித்ததுதானா என்று உறுதி செய்யாமல் கருவியில் ஏற்றக்கூடாது.

பிரைமரில் என்ன மருந்து இருந்தது என்பது இதைவிட முக்கியம். பொட்டாசியம் குளோரேட் விட்டுச்செல்லும் உப்பு ஈரத்தை இழுத்துக் குழலைத் துருப்பிடிக்க வைக்கும்; பித்தளைக்கு அதனால் பெருங்கேடு இல்லை, தண்ணீரில் கரைந்து போய்விடும். பாதரச ஃபுல்மினேட் அப்படியல்ல. சுடும்போது வெளிப்படும் பாதரசம் பித்தளையோடு கலந்து அதை நொறுங்கச் செய்கிறது. கரிமருந்துக் காலத்தில் மிதமிஞ்சிய கசடு பாதரசத்தைத் தன்னோடு பிடித்துவைத்தது. புகையில்லா மருந்து வந்ததும் அந்தப் பாதுகாப்பு போயிற்று. அமெரிக்காவின் ஃபிராங்க்ஃபர்ட் ஆர்சனல் 19-ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயிலேயே தன் ராணுவ ரைபிள் தோட்டாக்களில் பாதரசத்தை விட்டது. பிரிட்டிஷ் ராணுவ .303 தோட்டாக்களில் அது இரண்டாம் உலகப் போர்க்காலம் வரை தொடர்ந்தது. இந்தச் சேதம் கண்ணுக்கும் தெரியாது, காலிப்பருக்கும் சிக்காது. அனீல் செய்தாலும், அதாவது சூடாக்கி மென்மையாக்கினாலும், மீளாது. முத்திரையைப் பார்த்து ஒதுக்குவது ஒன்றே வழி.

உறை எங்கே கிடந்தது என்பதும் அதன் வரலாற்றில் சேர்த்தி. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்த தோட்டாக்களின் பித்தளை தானாக வெடித்துப் பிளந்தது. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவும் ஈரமும், குளிர்நிலையில் இழுத்து உருவாக்கியதால் உலோகத்துக்குள் தங்கிவிட்ட தகைவும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் மூவரும் விளக்கினார்கள். இதைத் தெரிந்தபிறகும் அம்மோனியா கலந்த திரவத்தில் உறைகளை ஊறவைத்துப் பளபளப்பாக்குவது, லாயத்தில் நடந்ததை வீட்டுக்குள் நடத்துவதுதான். சோப்புத் தண்ணீர் போதும். நீர்த்த சிட்ரிக் அமிலத்தில் சிறிது நேரம் நனைத்து நன்றாக அலசலாம். இளஞ்சிவப்புத் திட்டு தெரிந்தால் துத்தநாகம் கரைந்து செம்பு மிஞ்சியிருக்கிறது. அந்த உறை ஆகாது.

ராணுவ உறைகளின் கழுத்திலும் தோளிலும் தெரியும் நீலம் கலந்த பழுப்புக் கறை அழுக்கல்ல; அனீல் செய்ததற்கான சாட்சி. அதே வெப்பம் அடிப்பகுதிக்குப் போயிருந்தால் கதை வேறு. சுடும்போது முழு அழுத்தத்தையும் தாங்க வேண்டிய அடி மென்மையாகிவிட்டால், விரிசல்விட்டு வாயு பின்னால் பாயும். தீ விபத்தில் அகப்பட்ட உறைகளை எந்தக் காரணத்துக்காகவும் மீண்டும் நிரப்பக்கூடாது. டம்ளரில் ஒருநாள் உருண்டுவிட்டால், முறையாக அனீல் செய்த உறைக்கும் தீயில் வெந்த உறைக்கும் கண்பார்வையில் வேறுபாடு தெரியாது.

.303-க்கு என்று தனியான நோயும் ஒன்று உண்டு. விளிம்பில் தங்கும் தோட்டா அது. அதைச் சுடும் லீ-என்ஃபீல்ட் ரைபிளின் அறை தாராளமானது. ஒவ்வொரு முறை சுடும்போதும் உறை முன்னோக்கி நீள்கிறது. முழு அளவுக்குத் திரும்ப நெருக்கினால் அடுத்த சூட்டில் மறுபடி நீள்கிறது. அடிக்குச் சற்று மேலே சுவர் மெலிந்து, கடைசியில் உறை இரண்டாகிறது. முனை வளைத்த கம்பியை உள்ளே விட்டு வருடினால் பள்ளம் தட்டுப்படும். வெளியே பளிச்சென்ற வளையமாகவும் தெரியும். ஒரு தொகுதியிலிருந்து ஓர் உறையை நெடுக்காக அறுத்துப் பார்ப்பது நட்டமல்ல. நல்ல உறைகளுக்குக் கழுத்தை மட்டும் நெருக்கி, தோள் அந்தத் துப்பாக்கியின் அறையிலேயே அமரும்படி விட்டால் ஆயுள் கூடும்.

சட்டமும் உரிமமும் இடம்தரும் நாடுகளில் இந்த வேலையைச் செய்யும் கழகங்களுக்கு மூன்று கோரிக்கைகள். விற்கும் உறைகளைக் கழுவலாம், மெருகேற்ற வேண்டாம். பெட்டியின்மேல் முத்திரை, சுட்ட துப்பாக்கி, சுட்ட எண்ணிக்கை, கழுவிய முறை நான்கையும் எழுதுங்கள். வரலாறு தெரியாதவற்றில் அரிய முத்திரை உள்ளவற்றைச் சேகரிப்பாளரிடம் கொடுங்கள். மற்றவற்றை வாயை நசுக்கிப் பழைய உலோகத்தில் போடுங்கள். விற்பவர் இதைத் தாமாகத் தொடங்குவார் என்று காத்திருக்கத் தேவையில்லை. விவரம் எழுதாத பெட்டியை வாங்குபவர்கள் திருப்பிவைத்தால், அடுத்த ஏலத்துக்குள் எழுதிக்கொண்டு வருவார்.