குதிகாலைக் குற்றம் சொல்லும் முன்…





ஸ்ரீபெரும்புதூரை அடுத்த ஊர் ஒன்றில் நடைபெற்ற வலீமா விருந்துக்கு அண்மையில் குடும்பத்துடன் சென்றிருந்தோம். பெண்கள் பகுதியில் நிகழ்ந்ததாக எம் வீட்டார் வந்து கூறிய செய்தி ஒன்று நம் மனத்தை விட்டு அகலவில்லை. மின்னணு ஆலை ஒன்றில் பணிபுரியும் இளம்பெண் ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் அமர்ந்திருக்கிறாள். அவள் காலில் குதிகால் உயர்ந்த செருப்பு. கண்ட பெரியவர்கள் சும்மா இருப்பார்களா? "இந்த ஹீல்ஸைப் போட்டுக்கொண்டு நடந்தால் இடுப்பு வலிக்காமல் என்ன செய்யும்?" என்று ஆளுக்கு ஒரு சொல் சொல்லியிருக்கிறார்கள். அப்பெண் மெதுவாக, "பெரியம்மா, இதை நான் கல்யாணம் காட்சிக்கு மட்டும்தான் போடுகிறேன். வாரத்தில் ஆறு நாள் தட்டைச் செருப்பில் எட்டு மணி நேரம் நின்றுதான் வேலை பார்க்கிறேன். அதை யாரும் கேட்கவில்லையே!" என்றாளாம்.

அந்தக் கேள்விக்கு அங்கே எவரும் பதில் சொல்லவில்லை. நாமேனும் சொல்ல முயல்வோம்.

முதலில் குதிகால் செருப்பைப் பற்றிய உண்மையைப் பார்ப்போம். குதிகால் உயர உயர, உடலின் பாரம் பாதத்தின் முன்பகுதிக்கு நகர்கிறது. விரல்கள் நெருக்குண்கின்றன, பெருவிரல் மூட்டு பக்கவாட்டில் புடைத்துக்கொள்கிறது. கணுக்கால் பிசகும் வாய்ப்பு கூடுகிறது. நடக்கும்போது முழங்காலின்மீது விழும் அழுத்தமும் மிகுகிறது. பல ஆண்டுகள் நாள்தோறும் அணிவோருக்குக் கெண்டைக்கால் தசைநார்கள் குறுகிவிடுகின்றன. அதனால்தான் சிலருக்குத் திடீரெனத் தட்டைச் செருப்புக்கு மாறினால் கால் இழுத்துப் பிடித்து வலிக்கிறது. இவையெல்லாம் ஆய்வுகளில் தெளிவாகக் காணப்பட்டவை.

முதுகைப் பொறுத்தவரை நிலைமை அவ்வளவு தெளிவாக இல்லை. குதிகால் செருப்பு இடுப்பு முதுகின் வளைவை மிகுதியாக்கி வலியை உண்டாக்குகிறது என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் அளந்து பார்த்த ஆய்வுகள் ஒரே முடிவைத் தரவில்லை. சிலவற்றில் வளைவு மாறவில்லை. சிலவற்றில் குறைந்தும் இருந்தது. உயர்ந்த குதிகாலில் நடக்கும்போது முதுகுத் தசைகள் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது என்பது மட்டும் திரும்பத் திரும்பத் தென்படுகிறது. ஆகவே, ஏற்கெனவே முதுகுவலி உள்ளவருக்கு நெடுநேரம் ஹீல்ஸ் அணிவது வலியை மிகுவிக்கலாம். மாதத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் அணிந்ததே வலிக்குக் காரணம் என்று தீர்ப்பளிக்க எவ்வித ஆதாரமும் இல்லை.

இடுப்பு முதுகுவலி உலகில் மனிதரை முடக்கும் காரணங்களில் முதலிடத்தில் இருப்பது. 2020-இல் 61.9 கோடி மக்கள் இவ்வலியுடன் வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு எலும்பிலோ நரம்பிலோ இன்ன குறை என்று சுட்டிக்காட்ட இயலாது. உழைப்பின் தன்மை, ஓய்வின்மை, உடற்பருமன், புகைப்பழக்கம், மனச்சுமை எனப் பல காரணங்கள் பின்னிக்கிடக்கின்றன. அப்படியிருக்க, பெண்ணின் செருப்பு ஒன்றையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நமக்கு எளிதாக இருக்கிறது. ஏனெனில், அதில் குற்றம் அவளுடையதாகிவிடுகிறது. நாம் செய்ய வேண்டியது ஒன்றுமில்லாமல் போகிறது.

நெடுநேரம் அசையாமல் நிற்பது வேறு செய்தி. முன்பு முதுகுவலியே இல்லாத நலமான இளைஞர்களை ஆய்வுக்கூடத்தில் இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்க வைத்தபோது, அவர்களில் கணிசமானோருக்கு வலி தோன்றியது. நிற்கும்போது தசைகள் இடைவிடாது இறுகி நிற்கின்றன, காலில் இறங்கிய இரத்தம் மேலேற நடையின் அசைவு கிடைப்பதில்லை, கால் வீங்குகிறது, நரம்பு சுருளுகிறது. எட்டு மணி நேரம், அதன் முன்னும் பின்னும் கம்பெனி பஸ்ஸில் பயணம், வீட்டுக்கு வந்தால் அடுப்படியிலும் நின்றே வேலை. இந்த முதுகு எப்போதுதான் ஓய்வு காணும்?

இருங்காட்டுக்கோட்டை தொடங்கி ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் வரை நீளும் இத்தொழிற்பட்டையில் பெண்களின் உழைப்பு எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு சான்று போதும். வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்குவதற்கான குடியிருப்பு வளாகம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. உறங்க இடம் கிடைப்பது நல்லதே. வேலை நேரத்தில் உட்காரவும் ஓர் இடம் வேண்டாமா?

இது சலுகைக்கான கெஞ்சல் அன்று. நின்றே வேலை செய்ய வேண்டிய தொழிலாளர், பணியின் இடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அமர்ந்து இளைப்பாற இருக்கை வசதி செய்யப்பட வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 44-ஆம் பிரிவிலேயே கூறியது. 2020-இல் நிறைவேறிய தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த ஏற்பாடு இடம்பெற்றுள்ளது. கடைகளைப் பொறுத்தவரை, கோழிக்கோட்டில் விஜி என்ற தையற்கலைப் பெண்மணியும் 'பெண்கூட்டு' அமைப்பினரும் நடத்திய நெடிய போராட்டத்தின் பயனாக, 2018-இல் கேரளம் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. 2021 செப்டம்பரில் நம் தமிழ்நாடும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்து, ஊழியர் அனைவருக்கும் இருக்கை தரப்பட வேண்டும் என விதித்தது.

அயல்நாடுகளிலும் இதே வழக்கு வேறு வடிவில் நடந்தது. 2015-இல் இலண்டனில் நிக்கோலா தார்ப் என்ற வரவேற்பாளர், ஹீல்ஸ் அணிய மறுத்ததற்காக ஊதியமின்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அவர் தொடங்கிய மனுவில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட, நாடாளுமன்றக் குழு விசாரித்தது. 2017-இல் பிலிப்பைன்ஸ் அரசு பிறப்பித்த ஆணையோ ஒரே மூச்சில் இரண்டையும் பேசியது: ஓர் அங்குலத்துக்கு மேற்பட்ட குதிகாலை அணியச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, நின்று உழைப்போருக்கு இருக்கையும் இடை ஓய்வும் தரப்பட வேண்டும். அந்த ஆணை செருப்பின் உயரத்தோடு நிற்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

"உட்கார்ந்தால் சோம்பல் வரும், உற்பத்தி குறையும்" என்பார்கள் சிலர். நாள் முழுதும் உட்கார்ந்தே இருப்பதும் முதுகுக்குக் கேடுதான். அதை நாம் மறுக்கவில்லை. சட்டம் கேட்பதும் அதுவன்று. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில், லைன் நின்றிருக்கும் நேரத்தில், ஐந்து நிமிடம் அமர்ந்து எழ ஒரு ஸ்டூல். நிற்பதும் அமர்வதும் மாறி மாறி அமைந்தால் உடலும் தாங்கும், வேலையும் நடக்கும்.

மார்க்கம் இதில் நமக்கு என்ன கற்றுத் தருகிறது? மூலநோயால் துன்புற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) தொழுகையைப் பற்றி வினவியபோது, நின்று தொழவும், இயலாவிட்டால் அமர்ந்து தொழவும், அதுவும் இயலாவிட்டால் படுத்துத் தொழவும் நபிகள் நாயகம் (ஸல்) வழிகாட்டிய செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. படைத்தவனின் முன் நிற்கும் நிலையிலேயே நோயுற்ற உடலுக்கு அமர அனுமதி உண்டு. அவ்வாறிருக்க, துணிக்கடைக் கல்லாவின் முன் நிற்கும் பெண்ணுக்கு அந்த அனுமதியை மறுக்க நாம் யார்? குதிகால் செருப்பு அணியலாமா, எங்கே, எந்த நோக்கத்துடன் என்ற மார்க்கச் சட்டக் கேள்வியை ஆலிம்களிடம் விடுவோம். வலியோடு இருப்பவரைக் கண்டதும் அந்தக் கேள்வியை முதலில் எழுப்புவது மட்டும் அழகன்று.

இனி, நம் வீட்டையும் கடையையும் பார்ப்போம். ஜவுளி, காலணி, பேன்ஸி, உணவகம் எனக் கடைத்தெருவெங்கும் நம் சமுதாயத்தார் வணிகம் செய்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரங்களில் தோல், காலணித் தொழில் நம்மவர் பலரின் தலைமுறைத் தொழில். ஆலை முதலாளிகளை நோக்கி விரல் நீட்டும் முன், நம் கடையில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு எத்தனை ஸ்டூல் போட்டிருக்கிறோம் என்று எண்ணிப் பார்ப்போம். ஒரு ஸ்டூலின் விலை நம் ஒரு வேளை விருந்துச் செலவைவிடக் குறைவு. பணியாளருக்குத் தாங்க இயலாத சுமையைத் தர வேண்டாம், தந்தால் அதில் துணைநில்லுங்கள் என்ற நபிமொழி கல்லாவில் அமர்ந்திருப்பவருக்கும் உரியது.

வலியோடு இருக்கும் சகோதரிகளுக்குச் சில சொற்கள். நாள்தோறும் அணிய, இரண்டு மூன்று செண்டிமீட்டருக்கு மேற்படாத, அகன்ற அடியுள்ள செருப்பே நல்லது. விசேஷத்துக்கு ஹீல்ஸ் வேண்டுமெனில் பையில் எடுத்துச் சென்று மண்டபத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். பேருந்திலும் மேடு பள்ளத்திலும் அதனோடு நடக்காதீர்கள். நின்று வேலை செய்கையில் ஒரு காலைச் சிறு கட்டையின்மீது மாற்றி மாற்றி வையுங்கள். வலி வந்தால் படுக்கையிலேயே கிடக்காமல் இயன்ற அளவு நடமாடுங்கள். காலில் பலவீனம், தொடையிடுக்கில் மரத்துப்போதல், சிறுநீரை அடக்க இயலாமை, வலியுடன் காய்ச்சல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். ஈ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவர்கள், மருத்துவர் சான்றளித்தால் ஊதியத்தில் 70 விழுக்காடு நோய்க்கால உதவித்தொகை பெற இயலும் என்பதை மறவாதீர்கள். "லீவு போட்டால் சம்பளம் போகும்" என்று வலியை விழுங்க வேண்டாம்.

பெற்றோர்களுக்கும் கணவன்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஷிப்ட் முடிந்து வரும் பெண்ணிடம் முதலில் அவள் செருப்பைப் பற்றிக் கேளாதீர்கள். "இன்று எத்தனை மணி நேரம் நின்றாய்?" என்று கேளுங்கள். கேட்டபின் அன்றிரவுப் பாத்திரங்களை நீங்கள் கழுவுங்கள். தம் செருப்பைத் தாமே தைத்து, வீட்டு வேலையில் துணைநின்ற பெருமானாரின் (ஸல்) உம்மத்தினருக்கு இது இழுக்கன்று.

நம் பெண்மக்களின் உடல்நலத்தைப் பேணவும், நம்மை நம்பி உழைப்போரின் உரிமையை நிறைவேற்றவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.