துண்டறிக்கையில் விட்டுப்போன பெயர்

எங்கள் திரைப்படச் சங்கத்தின் பழைய காகிதங்களை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தபோது ஒரு துண்டறிக்கை கையில் சிக்கியது. இத்தாலிய இயக்குநர் பசோலினியின், 1966-இல் வந்த படத்துக்கானது. ‘பருந்துகளும் சிட்டுக்குருவிகளும்’ என்று தமிழில் பெயர் வைத்திருந்தோம். எழுதியவன் நான்தான். மார்க்சியத்துக்கு ஒரு பத்தி, கத்தோலிக்கத்துக்கு ஒரு பத்தி, பேசும் காகத்துக்குக்கூட ஒரு பத்தி. படம் முழுக்க நடந்துகொண்டே இருக்கிறாரே ஒரு கிழவர், அவர் யார் என்று ஒரு வரி இல்லை.

அந்தக் கிழவராக நடித்தவருக்குப் படம் எடுத்தபோது கண் பார்வை ஏறக்குறைய போய்விட்டிருந்தது. திரையிடலுக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் விவாதித்தோம். எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை.

அவர்தான் இத்தாலிய நகைச்சுவை நடிகர் தொத்தோ. தொத்தோ என்பது அந்தோனியோ என்ற பெயரை வீட்டில் சுருக்கிக் கூப்பிடுவது. 1898 பிப்ரவரி 15-இல் நேப்பிள்ஸ் நகரத்தின் சானிதா என்ற ஏழைப் பகுதியில் பிறந்தார். அம்மா அன்னா கிளெமென்தே. அப்பா பிரபு குடும்பத்துக்காரர். பிள்ளை பிறந்தபோது அவர்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. மகன் பாதிரியாராக வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. பள்ளியில் ஒரு ஆசிரியர் விளையாட்டாகக் குத்துச்சண்டை போடப்போய், பையனுடைய மூக்கும் தாடையும் கோணிக்கொண்டன. பின்னாளில் ஊர் பார்த்துப் பார்த்துச் சிரித்த முகம் அப்படி வந்ததுதான். அப்பன் பெயர் இல்லாத குறை மட்டும் அவரைக் கடைசிவரை விடவில்லை. 1933-இல் ஒரு மார்க்கி பிரபு அவரைத் தத்தெடுத்தார். பிறகு நீதிமன்றம் வரை போய், பைசாந்திய அரச வம்சம் வரை நீளும் பட்டங்களைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். மேடையில் கிழிந்த கோட்டு, வீட்டில் இளவரசர். இதை ஒரு வேடிக்கைத் துணுக்காகச் சொல்லிச் சிரித்தவர்களில் நானும் உண்டு. சானிதா சந்தில் அப்பன் பெயர் சொல்ல முடியாமல் வளர்ந்த பிள்ளையை நான் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

மேடையில் அவர் உடுத்தியதைப் பாருங்கள். தொளதொளத்த வால்கோட்டு, கணுக்கால் தெரியும் குட்டைக் கால்சட்டை, கலர் காலுறை, உருண்டைத் தொப்பி, டைக்குப் பதில் ஒரு ஷூ கயிறு. கயிறு அறுந்த மரப்பாவை மாதிரி கழுத்து ஒரு பக்கம் போகும், தோள் ஒரு பக்கம் போகும், தாடை தனியாக இன்னொரு பக்கம் போகும். 1920-களில் ரோம் நகரத்து ஜொவினெல்லி அரங்கில் இதைப் பார்க்கத்தான் கூட்டம் கூடியது. 1940-களின் தொடக்கத்தில் நடிகை ஆன்னா மாஞானியோடு ரெவ்யூ என்ற ஆடல்பாடல் நாடகங்கள் போட்டார். மாஞானியைப் பற்றி எங்கள் சங்கத்தில் தனிக் கூட்டமே நடத்தியிருக்கிறோம். பக்கத்தில் நின்றவரை எப்படித்தான் தாண்டிப்போனோமோ.

சினிமாவுக்கு வந்தது 1937-இல். மொத்தம் 97 படங்கள். அவற்றில் கணிசமானவை அவசரத்தில் அள்ளித் தெளித்தவை. கதை என்று ஒன்று இருக்காது. தொத்தோ மட்டும் இருப்பார். அவரை ஒதுக்க அந்த எண்ணிக்கையே எங்களுக்கு வசதியான சாக்காகிவிட்டது. இத்தனை நடித்தவர் எதைத்தான் ஒழுங்காகச் செய்திருப்பார் என்று நினைத்தோம்.

இன்னொரு சாக்கு மொழி. அவருடைய நகைச்சுவை நேப்பிள்ஸ் வட்டாரப் பேச்சில் இருக்கிறது, சப்டைட்டிலில் வராது என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினோம். கேட்க அறிவார்ந்த காரணம் போலத்தான் இருந்தது. ஆனால் 1954-இல் வந்த ‘மிசேரியா எ நோபில்தா’ படத்தில் அந்தச் சாப்பாட்டுக் காட்சிக்கு எந்த மொழி வேண்டும்? பட்டினி கிடக்கும் இரண்டு குடும்பங்கள். எங்கிருந்தோ சமையல்காரர்கள் வந்து மேஜை நிறையப் பதார்த்தங்களை வைத்துவிட்டுப் போகிறார்கள். யாரும் பேசவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருப்பவர்கள் நாற்காலியோடு அங்குலம் அங்குலமாக நகர்கிறார்கள். திடீரென்று பாய்ச்சல். தொத்தோ மேஜை மேலேயே ஏறிவிடுகிறார். இரண்டு கையிலும் ஸ்பெகெட்டி, வாயில் ஸ்பெகெட்டி. பிறகு ஆடிக்கொண்டே அதை அள்ளி அள்ளிக் கோட்டுப் பையில் திணிக்கிறார். நாளைக்கு வேண்டுமே! சென்ற வருடம்தான் இதைப் பார்த்தேன். சிரித்து முடித்த பிறகு தொண்டை அடைத்தது. பசியைப் பற்றி நாங்கள் திரையிட்ட கனமான படங்கள் பல. இந்தப் பை எதிலும் இல்லை.

அவர் நன்றாக நடித்த படங்களைத் திரையிடாமலும் இல்லை. அது இன்னும் சங்கடம். ‘நேப்பிள்ஸின் தங்கம்’ படத்தை இயக்குநர் தெ சிக்காவின் படம் என்று போட்டோம். 1958-இல் வந்த ‘இ சோலித்தி இஞோத்தி’யை இயக்குநர் மோனிச்செல்லியின் படம் என்று போட்டோம். அதில் மொட்டைமாடியில் திருடர்களுக்குப் பெட்டகம் உடைக்கப் பாடம் எடுக்கும் பழைய கைதி யார் என்று எவரும் கேட்கவில்லை. அவருக்கு இத்தாலியின் நாஸ்த்ரோ தார்ஜென்தோ விருது வாங்கித் தந்தது 1951-இன் ‘குவார்தியே எ லாத்ரி’. குண்டுப் போலீஸ்காரர் அல்தோ ஃபாப்ரீட்சி திருடனைத் துரத்தித் துரத்தி மூச்சுவாங்கி விழும் படம். எங்கள் பெட்டியில் அதன் குறுந்தகடு உறை பிரிக்காமலே கிடந்தது.

அவருடைய நாட்டு விமர்சகர்களில் பலரும் அவரை உயிரோடிருந்தபோது மதிக்கவில்லை, உண்மைதான். ஆனால் 1970-களில் படங்கள் மறுபடி ஓடி, இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகப் பார்க்க, அந்த விமர்சகர்கள் தங்கள் கணக்கைத் திருத்திக்கொண்டார்கள். அவர்கள் கழற்றிப் போட்ட பழைய தவறை நாங்கள் எடுத்துப் பத்திரமாக உடுத்திக்கொண்டிருந்தோம்.

கண் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கண் முன்பே போயிருந்தது. 1957 மே மாதம், பலேர்மோவில் நாடகம் நடந்துகொண்டிருந்தபோது மேடையிலேயே மற்றதும் இருண்டது. நாடகப் பயணம் அத்தோடு நின்றது. சினிமா நிற்கவில்லை. கறுப்புக் கண்ணாடியோடு வருவார், கேமரா ஓடும்போது கழற்றுவார், முடிந்ததும் மாட்டிக்கொள்வார். உதட்டசைவு பார்த்து டப்பிங் பேச முடியாததால் சில படங்களில் கார்லோ குரோக்கோலோ அவருக்குக் குரல் கொடுத்தார். இப்படியே ஏறக்குறைய பத்து வருடம். நாங்கள் துண்டறிக்கையில் பெயர் விட்ட படமும் இந்தப் பத்து வருடத்தில் வந்ததுதான். அந்த நடிப்புக்குக் கான் விழாவில் தனிச் சிறப்புக் குறிப்பு கிடைத்தது.

பசோலினியின் ஒரு குறும்படத்தில் பச்சை முகம் பூசிய, ‘ஒதெல்லோ’ நாடகத்து வில்லன் இயாகோவின் பொம்மையாக வருகிறார். இளமையில் மேடையில் ஆடிய அதே மரப்பாவை. குப்பை வண்டிக்காரன் பொம்மையைக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் எறிகிறான். மல்லாக்க விழுந்த பொம்மை மேகங்களைப் பார்த்து வியக்கிறது. 1968-இல் படம் வெளிவந்தபோது தொத்தோ இல்லை. 1967 ஏப்ரல் 15-இல் ரோமில் இறந்துவிட்டார். ரோமில் ஒரு இறுதிச் சடங்கு, நேப்பிள்ஸில் பெருங்கூட்டத்தோடு ஒன்று. அதுவும் போதாமல் சானிதா மக்கள் வெறும் சவப்பெட்டியை வைத்து மூன்றாவதாக ஒன்று நடத்தினார்கள்.

இப்போது நாலு பேர் சேர்ந்து 1956-இல் வந்த ‘தொத்தோ, பெப்பீனோ எ லா மாலஃபெம்மினா’வுக்குத் தமிழ் சப்டைட்டில் போட்டுக்கொண்டிருக்கிறோம். கிராமத்து அண்ணன் தம்பி இருவர், அண்ணன் சொல்லத் தம்பி கடிதம் எழுதும் காட்சி. சொல்பவர் தொத்தோ, வியர்வையைத் துடைத்துக்கொண்டே எழுதுபவர் பெப்பீனோ தெ ஃபிலிப்போ. ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, அதைச் சேர்த்து எழுது என்ற அர்த்தத்தில் “ஒரே வார்த்தை” என்கிறார் தொத்தோ. பெப்பீனோ அந்த “ஒரே வார்த்தை”யையும் கடிதத்தில் எழுதிவிடுகிறார். கஞ்சன் என்று நினைத்துவிடப் போகிறார்கள் என்று புள்ளியும் அரைப்புள்ளியும் தாராளமாகப் போடச் சொல்கிறார் தொத்தோ. மொழிபெயர்க்க முடியாது என்று இத்தனை வருடம் சொன்ன காட்சி இரண்டு மாலையில் பாதி முடிந்துவிட்டது. மீதிப் பாதியில், அரைப்புள்ளி என்றால் இன்றைக்குப் பார்ப்பவர்களுக்குப் புரியுமா, காற்புள்ளி என்று போடலாமா என்று சண்டை நடக்கிறது. புதிய துண்டறிக்கை தயார். முதல் வரியில் அவர் பெயர் இருக்கிறது. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மூன்று பேரிடம் கொடுத்திருக்கிறேன்.