வானத்திலிருந்து நம் குளத்தை அளக்க முடியுமா?

கேள்வி: வெளிநாட்டுப் பெரிய ஏரிகளில் பனி உறைவதையும் உருகுவதையும் செயற்கைக்கோளை வைத்தே கண்காணிக்கிறார்கள் என்று படித்தேன். எங்கள் ஊர்க் குளத்தையும் அப்படிப் பார்க்க முடியுமா? பிசானம் அறுத்த பிறகு, மிச்சத் தண்ணீரை நம்பி இன்னொரு நெல் வைக்கலாமா என்பதில் ஆண்டுதோறும் ஊருக்குள் வாக்குவாதம்தான்.
- வாசகர் ஒருவர், ஆதிச்சநல்லூர்

பதில்: பார்க்க முடியும். ஆனால் எது தெரியும், எது தெரியாது என்று அறிந்துகொண்டு பார்க்க வேண்டும்.

முதலில் பனி ஏரி. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே உள்ள ஐந்து பெரிய ஏரிகளில் குளிர்காலத்தில் எவ்வளவு பரப்பு உறைகிறது என்ற கணக்கு 1973 முதல் தொடர்ச்சியாக இருக்கிறது. கப்பல் போக்குவரத்துக்கும் வெள்ள எச்சரிக்கைக்கும் அது தேவை. இதில் ஒரு சிக்கல் உண்டு. மேலிருந்து பார்த்தால் பனியும் வெள்ளை, மேகமும் வெள்ளை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியின் ஒரு பகுதியில் படம் எடுத்தால் பனி கறுப்பாகவும் மேகம் வெளிச்சமாகவும் விழும். அதை வைத்துப் பிரித்துவிடுகிறார்கள். மேகம் முழுதாக மூடிவிட்டால் ரேடார் செயற்கைக்கோள்தான் கைகொடுக்கும். அது தானே அலையை அனுப்பி, திரும்பி வருவதைப் பதிவு செய்யும். மேகமோ இருட்டோ அதற்குத் தடையில்லை.

நம் நாட்டிலேயே இதற்கு உதாரணம் உண்டு. சிக்கிமில் சுமார் 5,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது தெற்கு லோனக் ஏரி. பனிமலை உருகிச் சேரும் தண்ணீர். கரை என்பது பனியாறு தள்ளிக்கொண்டு வந்த மண்ணும் கல்லும்தான். 2023 அக்டோபர் 3 நள்ளிரவையொட்டி அது உடைந்தது. தீஸ்தா ஆற்றில் சுங்தாங் அணையையே வெள்ளம் அடித்துச் சென்றது. இஸ்ரோ வெளியிட்ட படக்கணக்கின்படி செப்டம்பர் 28 அன்று ஏரியின் பரப்பு 167.4 ஹெக்டேர், அதாவது சுமார் 414 ஏக்கர். அக்டோபர் 4 அன்று 60.3 ஹெக்டேர், சுமார் 149 ஏக்கர். ஆள் போக முடியாத இடத்துக் கணக்கு இது.

அதே ஆண்டு டிசம்பரில் நம் மாவட்டம் பட்டது உங்களுக்கே தெரியும். டிசம்பர் 18 காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. மழை. குளங்கள் பல உடைந்தன. வடகிழக்குப் பருவமழையில் வானம் நாள்கணக்கில் மூடியே கிடக்கும். சாதாரணப் படத்தில் மேகம்தான் தெரியும். நமக்கும் ரேடார்தான் கை கொடுக்கும்.

இனி உங்கள் குளம். அமைதியான தண்ணீர் ரேடார் அலையை வேறு பக்கம் தெறித்துவிடுவதால் படத்தில் கறுப்பாகத் தெரியும். ஐரோப்பாவின் சென்டினல் செயற்கைக்கோள் படங்கள் இலவசம். சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர். நம் கணக்கில் ஏறத்தாழ இரண்டரை செண்ட். இஸ்ரோவின் புவன் தளத்திலும் நீர்நிலைகளைப் பார்க்கலாம். வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் சொன்னால் செல்போனிலேயே திறந்து காட்டும்.

ஏமாற்றும் இடங்களும் உண்டு. ஆகாயத்தாமரை மூடிய தண்ணீர் வயல் மாதிரி பச்சையாகத் தெரியும். சீமைக்கருவேலத்துக்கு அடியில் நிற்கும் தண்ணீர் தெரியாது. நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல் குளம் மாதிரி தெரியும். காற்றில் அலையடித்தால் ரேடார் படத்தில் தண்ணீர் வெளுத்துப்போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தப் படம் பரப்பைத்தான் காட்டும், ஆழத்தைக் காட்டாது. வண்டல் மேடிட்ட குளம் நிறைந்தே தெரியும், தண்ணீர் பாதிதான் இருக்கும்.

ஆகவே பரப்பைப் படத்தில் எடுங்கள். ஆழத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள். ஓர் உதாரணம். மாசிக் கடைசியில் தண்ணீர் 20 ஹெக்டேர் பரப்பில், சராசரி 1 மீட்டர் ஆழத்தில் நிற்கிறது என்று வையுங்கள். மொத்தம் 2 லட்சம் கன மீட்டர். நாளுக்கு 5 மி.மீ. ஆவியானால் 1,000 கன மீட்டர் போகும். 70 நாளில் 70,000. மிச்சம் 1,30,000. நெல்லுக்குச் சுமார் 1,200 மி.மீ. தண்ணீர் வேண்டும், இது சுமார் 27 ஏக்கருக்குத்தான் காணும். நெல்லுக்கு நாள் கூடுதல் என்பதால் இன்னும் குறையும். உளுந்துக்குச் சுமார் 300 மி.மீ. போதும், அதே தண்ணீரில் 107 ஏக்கர் பாயும். வாய்க்கால் சேதாரத்தையும், மடைக்குக் கீழே தங்கி வெளியே வராத தண்ணீரையும் இதிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். ஆனாலும் வித்தியாசம் தெரிகிறதல்லவா? 27 ஏக்கர் நெல்லா, நூறு ஏக்கரை ஒட்டிய உளுந்தா என்று ஊர் கூடிப் பேச இது போதும். பால் பிடிக்கும் பருவத்தில் தண்ணீர் நின்றுபோனால் நட்டவருக்கு விதைச் செலவு, உரச் செலவு, நடவுக் கூலி மூன்றும் போய்விடும்.

செய்ய வேண்டியவை:

1. கோடையில் குளம் வற்றும்போது, மடை அருகிலும் நடுக்குளத்திலும் ஆழ அளவு எடுத்துக் குறித்து வையுங்கள்.

2. மாதம் ஒரு படம் சேமியுங்கள். சென்ற ஆண்டு அதே மாதத்துப் படத்தோடு ஒப்பிடுங்கள்.

3. மறுகால் பாயும் நாளின் பரப்பை ஆண்டுதோறும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சுருங்கி வந்தால் மேடிட்டதா, ஆக்கிரமிப்பா என்று நேரில் போய்ப் பாருங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலக விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் படத்தோடு மனு கொடுக்கலாம். எல்லைக்கு வருவாய்த்துறை அளவைதான் ஆதாரம். படம் துணைச் சான்று மட்டுமே.

4. கரையில் கசிவு, எலி வளை, மண் சரிவு எதையும் இந்தப் படம் காட்டாது. ஐப்பசி, கார்த்திகையில் கரையை நடந்துதான் பார்க்க வேண்டும். மடை பார்ப்பவரோடு இன்னும் இருவர் முறை வைத்துப் போய் வந்தால், உடையும் முன் மண்மூட்டை போட நேரம் கிடைக்கும்.