முதலில் மனுசங்க, அப்புறம் வண்டி!

கும்மிடிப்பூண்டி, எளாவூர் சோதனைச்சாவடி, ஆரம்பாக்கம்... இதோடு தமிழ்நாடு முடிந்துவிடும். அடுத்தது ஆந்திராவின் தடா. கடைப் பலகைகள் தெலுங்குக்கு மாறினாலும் சாலை அதேதான். சென்னையிலிருந்து கொல்கத்தா போகும் தேசிய நெடுஞ்சாலை 16.

போன வருடம் சித்திரை வெயிலில் சூலூர்பேட்டை செங்காளம்மன் கோயிலுக்குக் கிளம்பினோம். நான், என் கணவர், அத்தை, பத்து வயது மகன். தடா தாண்டிய கொஞ்ச நேரத்தில் வெப்பம் காட்டும் முள் சிவப்புக்கு ஏறியது. பானட்டிலிருந்து குபுகுபுவென ஆவி. காரை ஓரம் கட்டினோம்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்தது எல்லாமே தப்பு!

"இந்த வெயில்ல எங்கடா இறங்குறது?" என்று அத்தை காருக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். மகன் காருக்குப் பின்னால் நின்றுகொண்டு லாரிகளை எண்ண ஆரம்பித்தான். நான் மொபைலில் மெக்கானிக்கைத் தேடினேன். கணவரோ பானட்டைத் திறந்து ரேடியேட்டர் மூடியில் துணியைப் போட்டார்.

சிப்காட் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தச் சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இரும்புக் கம்பி ஏற்றிய டிரெய்லர்கள் ஓயாமல் ஓடும். ஒவ்வொன்றும் எங்களைக் கடக்கும்போது கார் ஒரு குலுங்கு குலுங்கியது.

அதில் ஒரு லாரி எங்களுக்கு முன்னால் போய் நின்றது. டிரைவர் கத்திக்கொண்டே ஓடிவந்தார். "பக்ககு ரண்டம்மா! பக்ககு ரண்டி!" மகனைத் தூக்கி இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் விட்டார். அத்தையைக் கைத்தாங்கலாக இறக்கினார். கணவரின் கையை மூடியிலிருந்து தட்டிவிட்டார். பிறகு அரைகுறைத் தமிழில் சொன்னார்: "மொதல்ல மனுசங்க சார், அப்புறம் வண்டி."

அன்றைக்குக் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

வண்டி நின்றதும் நான்கு இண்டிகேட்டர்களையும் எரியவிடுங்கள். எல்லோரும் சாலை இல்லாத பக்கக் கதவு வழியாக இறங்கி, தடுப்புக்கு வெளியே போய்விடுங்கள். காருக்கு முன்னாலோ பின்னாலோ நிற்கவே கூடாது. டிக்கியில் இருக்கும் சிவப்பு முக்கோணத்தை குறைந்தது 50 மீட்டர் பின்னால் வையுங்கள். ஆஸ்திரியா போன்ற நாடுகளில் பளிச்சிடும் மேலுடுப்பு காரில் இருந்தாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நாமும் ஒன்று வாங்கி வைத்தால் என்ன?

சூடான ரேடியேட்டரில் அழுத்தம் அதிகம். மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள்.

அடுத்து 1033. தேசிய நெடுஞ்சாலைக்கான 24 மணி நேர உதவி எண். மாநிலம் மாறினாலும் எண் மாறாது. 'எங்கே நிற்கிறீர்கள்?' என்பதுதான் முதல் கேள்வி. பக்கத்தில் இருக்கும் கிலோமீட்டர் கல்லைப் பார்த்துச் சொன்னால் போதும், ஊர் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. யாருக்காவது அடிபட்டிருந்தால் 108, மற்ற அவசரத்துக்கு 112.

ஊருக்குக் கிளம்பும் முன் இன்சூரன்ஸ் பாலிசியையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வழியில் நின்றால் உதவும் வசதி எல்லா பாலிசியிலும் தானாக வராது. பெரும்பாலும் தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும்.

அன்று கிரேன் வந்து காரை இழுத்துப் போனது. ரேடியேட்டர் ஹோஸ் வெடித்திருந்தது. பழுது பார்த்துக் கிளம்ப இருட்டிவிட்டது. "நடை சாத்தியிருப்பாங்களே" என்று அத்தைக்குக் கவலை. "செங்காளம்மன் கோயிலுக்கு ராத்திரியிலும் கதவு அடைக்க மாட்டாங்கம்மா" என்றார் மெக்கானிக், நல்ல தமிழில்.

சன்னதியில் அத்தை ரொம்ப நேரம் கண்மூடி நின்றார். வெளியே வந்ததும் கேட்டார்: "அந்த லாரிக்காரர் பேரைக் கேட்டீங்களாடா?"

யாரும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் கார் கிளம்பும் முன் மகன் கேட்கிறான்: "அப்பா, முக்கோணம் எடுத்தாச்சா?"