தூரத்துக்கும் கூலி வேண்டும்

காலை ஏழு மணிக்கு ஹப்பின் தரையில் பார்சல்களைப் பரப்பி ஊர்வாரியாகப் பிரிப்பேன். கடைசியில் போய்ச் சேரும் ஊருக்கானது பையின் அடியில் போக வேண்டும், முதலில் கொடுக்க வேண்டியது மேலே. என் பையில் வருசநாடு அடியில் இருக்கும், அதற்கு மேல் மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு, எல்லாவற்றுக்கும் மேலே கண்டமனூர். தேனி மாவட்டத்தில் மூல வைகையை ஒட்டிப் போகும் இந்தச் சாலையில் நான்கு ஆண்டுகளாகப் பைக்கில் பார்சல் கொண்டுபோகிறேன்.

பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் முகவரியை வைத்து எங்கள் பக்கத்தில் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது. 'காளியம்மன் கோயில் தெரு' என்று போட்டிருக்கும்; அந்தப் பெயரில் ஊருக்கு ஒரு தெரு உண்டு. கதவு எண் பாதி வீடுகளில் இல்லை. ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. அது என்னை அஞ்சலகம் வரைக்கும் கொண்டுபோய் விடும். அதற்கு அப்பால் தண்ணீர்த் தொட்டி, ரேஷன் கடை, இலவமரத் தோப்பு, 'மிலிட்டரிக்காரர் வீட்டுக்குப் பின்னாடி' என்று மனிதர்கள் சொல்லும் அடையாளங்கள்தான் வழி. எந்த மேட்டில் சிக்னல் கிடைக்கும், எந்த அக்கா எத்தனை மணிக்குக் காட்டு வேலையிலிருந்து திரும்புவார் என்பதெல்லாம் நான்கு ஆண்டுகளில் நான் சேர்த்த படிப்பு. அந்தப் படிப்பு இல்லாவிட்டால் பெட்டி ஹப்பிலேயே கிடக்கும்.

சென்ற ஐப்பசியில் மலையடிவாரக் குடியிருப்பு ஒன்றுக்கு ஒரே ஒரு பார்சல் இருந்தது. போக ஒன்பது கிலோமீட்டர், வர ஒன்பது. மழையில் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடியதால் சுற்றிப் போனதில் இன்னும் ஆறு. வீட்டுக்குப் போனால் ஓடிபி வரவில்லை. அந்த வீட்டு அப்பத்தா போனைக் கையில் பிடித்துக்கொண்டு என்னோடு மேட்டுக்கு நடந்து வந்தார். "இதுக்காகவா தம்பி இம்புட்டுத் தூரம் வந்த?" என்று கேட்டார். பெட்டிக்குள் இருந்தது அவருடைய சர்க்கரை அளவைப் பார்க்கும் பட்டைகள். அந்தப் பயணத்துக்கு எனக்குக் கிடைத்த கூலி 14 ரூபாய்.

மதுரையில் என் மாமன் மகன் இதே வேலை பார்க்கிறார். ஓர் அடுக்ககத்தில் வண்டியை நிறுத்தினால் முப்பது பார்சல் இறங்கிவிடும். அவருக்கும் பார்சலுக்கு 14 ரூபாய்தான். மாடிப்படியும் வெயிலும் போக்குவரத்து நெரிசலுமாக அவர் படும் பாட்டை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அவர் பாடு படிகளில் என்றால் என் பாடு கிலோமீட்டரில் இருக்கிறது. கூலிக் கணக்கில் அந்தக் கிலோமீட்டருக்கு இடமே இல்லை.

என் கணக்கைச் சொல்கிறேன். சாதாரண நாளில் 55 பார்சல் எடுத்துப் போய் 46 கொடுப்பேன். கூலி 644 ரூபாய். வண்டி ஓடுவது 115 கிலோமீட்டர், பெட்ரோலுக்கு 260 ரூபாய். மிச்சம் 384. பைக் தவணை நாளுக்கு 100 ரூபாய் போனால் கையில் 284. டயர், ஆயில், போன் ரீசார்ஜ் இன்னும் கழிக்கவில்லை. 2025-26இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். சொந்த வண்டியும் சொந்த போனும் போட்டு, இருட்டும் வரை ஓடுகிறவன் அதற்கும் கீழே நிற்கிறேன்.

கொடுக்க முடியாமல் திரும்பும் அந்த ஒன்பது பார்சலின் கதையையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் தோட்ட வேலைக்குச் சனிக்கிழமைதான் கூலி கைக்கு வரும். பணம் கட்டி வாங்க வேண்டிய பார்சலோடு செவ்வாய்க்கிழமை போய் நின்றால், "அண்ணே, சனிக்கிழமை வாங்கிக்கிறேனே" என்பார்கள். பொய் இல்லை, சனிக்கிழமை கட்டாயம் வாங்குவார்கள். ஆனால் மூன்று முறை போயும் கொடுக்காவிட்டால் பார்சல் திரும்பிவிட வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் நான் போய்வந்த பெட்ரோல் என்னுடையது. கொடுக்காத பார்சலுக்குக் கூலி கிடையாது. பள்ளிக்கூடப் பையோ, குழந்தைக்கான கொசுவலையோ என்றால் என் கைக்காசைக் கட்டிக் கொடுத்துவிட்டுச் சனிக்கிழமை வாங்கிக்கொள்கிறேன். அந்த மாதிரி நாளில் வண்டிக்குப் பெட்ரோல் போடக் கடன் வாங்கியிருக்கிறேன்.

"கிராமத்துக்குக் கொண்டுபோவதே நஷ்டம், இதில் கூலியை எப்படி உயர்த்துவது?" என்று எனக்குக் கூலி கொடுக்கும் ஒப்பந்தக்காரர் கேட்கிறார். இதற்கு நம் அஞ்சல் துறையிலேயே பதில் இருக்கிறது. கிராமிய அஞ்சல் ஊழியருக்குக் கடிதத்தை எண்ணிக் கூலி கொடுப்பதில்லை. வேலை நேரத்தைக் கணக்கிட்டு மாதப்படி தருகிறார்கள். அந்தப் படி போதாது என்று அவர்களும் போராடுகிறார்கள், அது நியாயமான போராட்டம். ஆனாலும் ஒரு கடிதத்துக்காக ஒருவர் மலையேறினால் அந்த நேரமும் வேலை நேரம்தான் என்று அங்கே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் தொழிலில் அதை இன்னும் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 2023இல் இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாடு அரசு நல வாரியம் அமைத்தது. 2025-26 பட்ஜெட்டில் 2,000 பேருக்கு மின் ஸ்கூட்டர் வாங்க 20,000 ரூபாய் மானியமும், சென்னை, கோவை போன்ற பெருநகரங்களில் ஓய்வுக்கூடங்களும் அறிவித்தது. மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதம் வரை தொழிலாளர் நலனுக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது அது. எல்லாம் நல்லதே. ஆனால் என் பெயர் நிறுவனத்தின் பட்டியலில் இல்லை, ஒப்பந்தக்காரரின் நோட்டில் இருக்கிறது. கோவை ஓய்வுக்கூடம் வருசநாட்டு மழைக்கு உதவாது. எங்கள் பாதையில் மழைக்கு ஒதுங்க நிழற்குடையும், பசித்தால் டீக்கடையும்தான் உண்டு.

நான் கேட்பவை நான்கு. ஊருக்கு வெளியே ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பெட்ரோல் படி. வாடிக்கையாளர் காரணத்தால் திரும்பும் பார்சலுக்கும் பாதிக் கூலி. ஒப்பந்தக்காரர் மூலம் ஓடுகிறவர்களையும் நிறுவனத்தின் தொழிலாளராகவே எண்ணி, வாரியத்தில் பதிவும் விபத்துக் காப்பீடும். ஊராட்சி அலுவலகத்திலோ நூலகத்திலோ மதியம் அரை மணி நேரம் உட்காரவும், தண்ணீர் குடிக்கவும், கழிப்பறைக்குப் போகவும் அனுமதி. நான்காவதற்குச் செலவே இல்லை. ஊராட்சி நிர்வாகம் மனம் வைத்தால் நாளைக்கே நடக்கும்.

மயிலாடும்பாறைக்குப் பக்கத்தில் ஒரு தங்கைக்குக் குரூப் 4 தேர்வுப் புத்தகம் கொண்டுபோயிருக்கிறேன். முந்திரித் தோப்புக்காரருக்குப் பேட்டரி தெளிப்பான் கொடுத்திருக்கிறேன். தேனிக்குப் பஸ் ஏறி, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வாங்க வேண்டியிருந்த பொருள்கள் இன்று அவர்கள் வாசலுக்கு வருகின்றன. ஊருக்கு இது பெரிய வசதி. அந்த வசதிக்கான விலையைப் பைக் ஓட்டுகிறவனின் பெட்ரோல் டேங்கிலிருந்து மட்டும் எடுப்பது அநியாயம். நிறுவனங்களும் வாரியமும் எங்கள் கூலிக் கணக்கில் தூரம் என்று ஒரு கட்டத்தைச் சேர்க்க வேண்டும்.