சகேயுவின் கணக்கு

கிருபையா, நியாயப்பிரமாணமா என்ற வழக்கு சபைகளில் ஓய்வதே இல்லை. கட்டளைகளைப் பற்றி வாய் திறந்தாலே, "ஐயா இன்னும் பழைய ஏற்பாட்டிலேயே இருக்கிறார்" என்கிறார்கள் ஒரு சாரார். இன்னொரு சாரார் நகை போடாதே, சினிமா பார்க்காதே என்று ஒரு பட்டியலைக் கொடுத்து, இதுதான் பரிசுத்தம் என்கிறார்கள். முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் கணக்குப் பார்த்தவன் நான். எனக்கு இந்த விஷயத்தைத் தெளிவாக்கியது லூக்கா 19ஆம் அதிகாரத்தில் வரும் சகேயுவின் கணக்குத்தான்.

எரிகோவில் ஆயக்காரருக்குத் தலைவன் அவன். காட்டத்தி மரத்தில் ஏறி நின்றவனை இயேசு பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவன் வீட்டுக்கே வருவதாகச் சொல்கிறார். முதலில் கணக்கை நேர் செய், பிறகு வருகிறேன் என்று நிபந்தனை போடவில்லை. இதுதான் கிருபை.

அதன்பிறகு சகேயு, தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்புவதாகவும் சொல்கிறான். நியாயப்பிரமாணம் கேட்டது எவ்வளவு? எண்ணாகமம் 5ஆம் அதிகாரப்படி, தவறை அறிக்கையிடுகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும். அதாவது 100 ரூபாய்க்கு 120. நாலு மடங்கு என்பது, ஆட்டைத் திருடிக் கொன்றவனுக்கோ விற்றவனுக்கோ யாத்திராகமம் 22 விதித்த தண்டனை. யாரும் கேட்காமலே சகேயு 400 ரூபாயை எடுத்து வைக்கிறான். கிருபை அவனை நியாயப்பிரமாணத்துக்குக் கீழே இறக்கவில்லை, அதையும் தாண்டிப் போக வைத்தது.

ஒரு சாட்சிக் கூட்டத்தில், சீட்டுப் பணத்தோடு ஊரைவிட்டு ஓடிய கதையைச் சொல்லி, "ஆண்டவர் என்னை மன்னித்துவிட்டார்" என்று ஒருவர் முடித்தார். அல்லேலூயா சத்தம் எழுந்தது. அவரிடம் சீட்டுக் கட்டி ஏமாந்தவர்கள் இருவர் பின்வரிசையில் இருந்தார்கள். பேசாமல் எழுந்து போனார்கள். அவர்களுக்கு அந்தக் கிருபை எப்படிக் கேட்டிருக்கும்?

இது புதிய சிக்கலும் அல்ல. லூத்தருடன் பழகிய அகிரிகோலா என்பவரே, விசுவாசிகளுக்கு நியாயப்பிரமாணத்தைப் பிரசங்கிக்கத் தேவையில்லை என்றார். கிருபையை அத்தனை உரக்கப் பேசிய லூத்தர், 1537 முதல் அதை எதிர்த்து வாதாடினார்.

"அப்படியானால் கிரியையினால் இரட்சிப்பா?" என்று கேட்பீர்கள். இல்லை. வரிசையைப் பாருங்கள். இஸ்ரவேலருக்கு எகிப்திலிருந்து விடுதலை முதலில், சீனாய் மலையில் கட்டளை பிறகு. கட்டளைகள் விடுதலைக்குக் கொடுத்த விலை அல்ல, விடுதலையானவர்கள் வாழ்கிற முறை.

பட்டியல் போடுகிறவர்களுக்கும் சகேயுவிடம் பதில் உண்டு. அவன் உடுப்பை மாற்றவில்லை. எந்த இடத்தில் பாவம் செய்தானோ அந்த இடத்தில், பண விஷயத்தில், மாறினான். நகையைக் கழற்றுவது ஊருக்குத் தெரியும். பழைய கடனைத் தேடிப்போய்க் கொடுப்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். பரிசுத்தமாகுதல் பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது, அதுவும் ஒரே நாளில் முடிவதில்லை.

கையில் காசில்லாதவர் என்ன செய்வது? போய் முகத்தைப் பார்த்து, மாதம் நூறு ரூபாயாவது தருகிறேன் என்று சொல்லலாம். அது முடியாத ஏழை அபூர்வம்.

அடுத்த முறை இப்படி ஒரு சாட்சியைக் கேட்டால், கூட்டம் முடிந்ததும் அவரைத் தனியாக அழைத்து, மரியாதையாகக் கேளுங்கள்: "ஐயா, அந்தப் பணம் போய்ச் சேர்ந்துவிட்டதா?"