உபரித் துப்பாக்கிகள்: முடிந்த போர்களின் சந்தை

2023 இலையுதிர் காலத்தில் ஊடகப் பயிற்சி ஒன்றுக்காக அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக்குப் போயிருந்தேன். நான் தங்கியிருந்த வீட்டுக்காரர் விடைபெறும் நாளன்று ஒரு சிறிய பரிசைக் கையில் வைத்தார். பித்தளையாலான வெற்று ரவைக் கோது. நன்றாகத் துலக்கப்பட்டுப் பொன்போல மின்னியது. “7.62×39” என்றார். அளவு சொல்லத் தேவையிருக்கவில்லை. 2009 இல் வன்னியில் பத்தொன்பது வயதில் இருந்த எவருக்கும் அந்தக் கோதின் உயரமும் பருமனும் தெரியும். நன்றி சொல்லி, புறப்படும்போது அதை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தேன். கட்டுநாயக்கவில் என் பயணப்பைக்குள் அது கண்டெடுக்கப்படுவதை நினைத்துப் பார்க்கவும் நான் விரும்பவில்லை. அதை அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

அவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். அமைதியான மனிதர், நாய் வளர்ப்பவர், தேவாலயத்துக்கு ஒழுங்காகப் போகிறவர். அவருடைய பொழுதுபோக்கு, போர்களில் பாவிக்கப்பட்டுப் பின்னர் படைகளால் கழிக்கப்பட்ட துப்பாக்கிகளைச் சேகரிப்பதும், அவற்றுக்கான ரவைகளைத் தானே செய்து கொள்வதும். அமெரிக்காவில் இது சட்டவிரோதமோ அபூர்வமோ அல்ல. சொந்தப் பாவனைக்கு ரவை செய்ய மத்திய சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் தேவையில்லை. செய்து விற்பவருக்குத்தான் தேவை. 50 வருடம் கடந்த துப்பாக்கிகளைச் சேகரிப்போருக்கு தனியான உரிமம் ஒன்று இருக்கிறது. மூன்று வருடங்களுக்கு 30 டொலர். அது இருந்தால் வேறு மாநிலத்தில் வாங்கிய பழைய துப்பாக்கி நேரடியாக வீட்டு வாசலுக்கே வந்துசேரும்.

அவருடைய கராஜில் மூன்று துப்பாக்கிகளைப் பார்த்தேன். ஒன்று பிரித்தானிய லீ-என்ஃபீல்ட். எங்கள் பொலிஸ் நிலையங்களில் ஒருகாலத்தில் இருந்த அதே .303. இரண்டாவது, ரஷ்ய மோசின்-நகான்ட். மூன்றாவதை எடுத்து, “சீனாவின் ரைப் 56” என்றபோது நான் ஒரு அடி பின்னால் போனேன். ஆனால் அது நாங்கள் அறிந்த ரி-56 அல்ல. சோவியத்தின் எஸ்.கே.எஸ். துப்பாக்கியைப் பார்த்துச் செய்த ஒன்றுக்கும், கலாஷ்னிகோவைப் பார்த்துச் செய்த எங்கள் ரி-56 இற்கும் சீனா ஒரே இலக்கத்தையே கொடுத்திருந்தது. உருவம் வேறு, ரவை ஒன்றுதான்.

அடுத்த இரண்டு மணிநேரம் அவர் காட்டியதை ஆர்வத்தோடு பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சுட்ட கோதிலிருந்து எரிந்துபோன பிரைமரைத் தள்ளி வெளியேற்ற வேண்டும். வெடிப்பின்போது விரிந்த கோதை அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு புதிய பிரைமர், நிறுத்து எடுத்த வெடிமருந்து, கடைசியாகச் சன்னம். சொல்லும்போது இலகுவானது. ஆனால் எல்லாக் கோதையும் இப்படிச் செய்ய முடியாது. அமெரிக்கக் கோதுகளில் பிரைமருக்குப் பின்னால் நடுவில் ஒரே துவாரம் இருப்பதால் ஊசியொன்றால் தள்ளிவிடலாம். ரஷ்ய, சீனப் படை ரவைகளில் பெரும்பாலும் இரண்டு சிறு துவாரங்கள். நடுவில் தள்ள இடமே இல்லை. அதோடு அவை பெரும்பாலும் இரும்புக் கோதுகள். படைகள் அவற்றைச் செய்தபோது யாரும் திரும்பப் பொறுக்கி எடுப்பார்கள் என்று நினைக்கவில்லை. அதனால் இவரைப் போன்றவர்கள் சேர்பியாவின் ப்ர்வி பார்டிசான், பின்லாந்தின் லப்புவா போன்ற தொழிற்சாலைகளின் பித்தளைக் கோதுகளை வாங்கி, ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பப் பாவிக்கிறார்கள்.

லீ-என்ஃபீல்டின் ரவை அறை கொஞ்சம் தாராளமானது. சேற்றிலும் அழுக்கிலும் இயங்குவதற்காக அப்படிச் செய்யப்பட்டது. அதனால் அதில் சுட்ட கோது நீண்டுபோய், சில தடவைகளிலேயே அடிப்பக்கத்தில் பிளந்துவிடும். கோதின் கழுத்தை மட்டும் சிறுக்கினால் ஆயுள் கூடும் என்றார். எஸ்.கே.எஸ். துப்பாக்கியின் சுடும் ஊசி தளர்வாக ஆடுவது என்பதால் மென்மையான பிரைமர் போட்டால், விசையை இழுக்காமலே வெடித்துவிடக்கூடும். “7.62” என்று பெயர் இருந்தாலும் ரஷ்யக் குழாயும் அமெரிக்கக் குழாயும் ஒரே விட்டமல்ல. பழைய துப்பாக்கி ஒவ்வொன்றையும் அளந்து பார்த்துத்தான் சன்னம் வாங்க வேண்டும். போர்க்காலத்தில் அவசரமாகச் செய்த பொருளின் குறைகளை, எண்பது வருடம் கழித்து ஒரு கணித ஆசிரியர் ஆயிரத்தில் ஒரு அங்குலக் கணக்கில் நிவர்த்தி செய்து கொண்டிருந்தார்.

ஸ்கோப் விடயத்தில் அவருக்குப் பிடிவாதமான அபிப்பிராயங்கள் இருந்தன. எஸ்.கே.எஸ். துப்பாக்கிக்கு விலையுயர்ந்த ஸ்கோப் பூட்டுவது வீண் என்றார். அந்தத் துப்பாக்கியே நூறு மீற்றரில் ஒரு கையகல வட்டத்துக்குள் சுட்டால் பெரிய விடயம். மேல்மூடியில் பூட்டும் தாங்கிகள் ஒவ்வொரு சூட்டுக்கும் அசையும், வெளியேறும் கோது ஸ்கோப்பிலேயே போய் அடிக்கும். மோசினில் தாழ்ப்பாள் கைப்பிடி நேராக மேலெழும் என்பதால் ஸ்கோப்பைத் தலைக்கு நேரே வைக்க முடியாது. கைப்பிடியை வளைக்க வேண்டும் அல்லது ஸ்கோப்பை வெகுதூரம் முன்னால் தள்ள வேண்டும். இரண்டாம் உலகப்போரில் சோவியத் படை 3.5 மடங்கு பெருக்கும் சிறிய ஸ்கோப் ஒன்றைப் பக்கவாட்டில் பூட்டி, வளைந்த கைப்பிடியும் வைத்துச் சினைப்பர்களுக்குக் கொடுத்தது. போர் முடிந்தபின் அவற்றில் பலவற்றின் ஸ்கோப்பைக் கழற்றித் துளைகளை அடைத்துச் சாதாரணத் துப்பாக்கியாக்கினார்கள். அந்த அடைத்த துளைகளைத் தேடித்தான் சேகரிப்போர் அதிக விலை கொடுக்கிறார்கள். சினைப்பர் என்ற சொல்லுக்காக வயல்வெளியைச் சுற்றிக்கொண்டு பாடசாலைக்குப் போன ஊர்களிலிருந்து வந்தவன் நான். அந்தத் துளையை விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். தடவினேன். அது யாரைப் பார்த்தது என்ற கேள்வி அந்தக் கராஜில் எழவில்லை. நானும் கேட்கவில்லை.

அவர் கேட்கக்கூடிய கேள்விகள் வேறு. உலோகத்தில் அடித்த முத்திரைகளைப் பார்த்து, இது 1943 இல் இஷெவ்ஸ்க்கில் செய்யப்பட்டது, போருக்குப் பின் சோவியத் களஞ்சியமொன்றில் திருத்தப்பட்டது, கிறீஸ் பூசிப் பெட்டியில் அடைக்கப்பட்டு அரை நூற்றாண்டு கிடந்தது என்று வரிசையாகச் சொன்னார். பெட்டிக்குள் ‘எஸ்.ஏ.’ என்ற முத்திரை இருந்தால் பின்லாந்துப் படையின் கைக்குப் போனது என்று அர்த்தமாம். ஒரு இரும்புத் துண்டு எந்த ஆண்டில் யாருடைய பொறுப்பில் இருந்தது என்பதற்கு இவ்வளவு பதிவு. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் வீதியோரம் குந்திய தாய்மார், தங்கள் பிள்ளை எந்த நாளில் யாருடைய பொறுப்பில் இருந்தான் என்றுதான் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தச் சந்தை தானாக உருவானதல்ல. ஐரோப்பியப் படைகள் உலகப்போர்த் துப்பாக்கிகளைக் கழித்தபோது அவற்றை இறாத்தல் கணக்கில் வாங்கி அமெரிக்காவில் தபாலில் விற்றார்கள். 1963 மார்ச்சில் லீ ஹார்வி ஒஸ்வால்ட் சிக்காகோ கடையொன்றிடம் தபாலில் வாங்கிய இத்தாலிய கார்கானோ, உபரித் துப்பாக்கிதான். நான்கு மடங்கு ஸ்கோப்புடன் விலை 19.95 டொலர். அதே ஆண்டு நவம்பரில் ஜனாதிபதி கென்னடி கொல்லப்பட்டார். 1968 சட்டம் தபால் விற்பனையையும் உபரி இறக்குமதியையும் மறித்தது. எண்பதுகளின் நடுப்பகுதியில் பழைமைப் பொருள் என்ற பெயரில் கதவு மீண்டும் திறந்தது. பனிப்போர் முடிந்ததும் வெள்ளம். சீன எஸ்.கே.எஸ். இலட்சக்கணக்கில் வந்தது. 1994 இல் கிளின்டன் சீனத் துப்பாக்கிகளையும் ரவைகளையும் தடுத்தார். மோசின் நூறு டொலருக்குக் குறைவாகக் கிடந்தது. 440 ரவை அடைத்த தகரப் பேணியும் மலிவு. 2013 இல் ஒபாமா நிர்வாகம், அமெரிக்கா பிறநாடுகளுக்குக் கொடுத்த பழைய போர்த் துப்பாக்கிகளைத் தனியார் திருப்பிக் கொண்டுவருவதை நிறுத்தியது. 2014 இல் கலாஷ்னிகோவ் நிறுவனம் மீது தடை. 2021 செப்டெம்பரில், நவல்னிக்கு நஞ்சூட்டியதற்கான தண்டனையாக, ரஷ்யத் துப்பாக்கிகளுக்கும் ரவைகளுக்கும் புதிய இறக்குமதி அனுமதி நிறுத்தப்பட்டது.

அந்தத் தடைக்குப் பிறகுதான் இவரைப் போன்ற பலர் ரவை செய்யும் மேசைக்குத் திரும்பினார்கள். ஆனால் 2022 பெப்ரவரியில் ரஷ்யா உக்ரேனுக்குள் புகுந்ததும் அந்த மேசையும் காயத் தொடங்கியது. துப்பாக்கி வெடிமருந்தின் அடிப்படை நைட்ரோசெலுலோஸ். அதற்குப் பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சு வேண்டும். பீரங்கிக் குண்டை உந்தும் மருந்துக்கும் அதுவே வேண்டும். ஐரோப்பா இந்தப் பஞ்சுக்குப் பெருமளவில் சீனாவையே நம்பியிருக்கிறது. 2023 இறுதியில் அமெரிக்காவின் பெரிய ரவை உற்பத்தியாளரான விஸ்டா அவுட்டோர், உலகளாவிய வெடிமருந்துத் தட்டுப்பாட்டைச் சொல்லி விலையைக் கூட்டியது. அடுத்த ஆண்டு, சுவீடனில் தயாராகி அலையன்ட் பெயரில் விற்கப்படும் வெடிமருந்து வகைகளின் விநியோகமும் நின்றது. பஹ்மூத்திலோ கார்கிவிலோ பீரங்கி முழங்கினால் ஒஹையோவில் ஒரு கராஜில் டப்பா காலியாகிறது. ‘உபரி’ என்ற சொல்லை நான் சந்தேகிப்பது இதனால்தான். ஒரு போர் தேவையில்லை என்று விட்டதை அடுத்த போர் திரும்பக் கேட்கிறது.

துப்பாக்கியையும் அப்படித்தான் கேட்டது. 2022 வசந்தத்தில் ரஷ்யச் சார்புப் படைகள் டொனெட்ஸ்க் பகுதியில் ஆட்களைப் பிடித்து முன்னரங்குக்கு அனுப்பியபோது அவர்களில் பலருடைய கையில் மோசின் இருந்ததை ரொய்ட்டர்ஸ் உட்படப் பல ஊடகங்கள் எழுதின. 1891 இல் வடிவமைத்த துப்பாக்கி. பிடிபட்டவர்களில் மாணவர்களும் இருந்தார்கள். அந்தப் படங்களை நான் ஒஹையோவுக்குப் போகுமுன்னரே பார்த்திருந்தேன். பிள்ளை பிடித்த மாதங்களில் பகலைப் பதுங்குகுழிக்குள்ளும் இரவைப் பனங்காணிக்குள்ளும் கழித்தவன் என்ற வகையில், அந்தப் பையன்கள் துப்பாக்கியைப் பிடித்திருந்த விதம் எனக்கு அந்நியமாக இருக்கவில்லை. அதே துப்பாக்கியைக் கராஜில் எண்ணெய் பூசித் துடைத்துச் சுவரில் மாட்டியிருந்ததைப் பார்த்தபோது, இரண்டையும் ஒரே பொருளாக எண்ண மனம் மறுத்தது.

அந்த ஆசிரியரைக் குற்றம் சொல்வது என் நோக்கமல்ல. அவர் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. என் கேள்வி அரசுகளைப் பற்றியது. ஒரு போர் முடிந்ததும் ஆயுதத்தை உருக்குவதா, விற்பதா, வேறு நாட்டுக்குக் கொடுப்பதா என்பதை அதைச் செய்தவர்களும் வாங்கியவர்களும் தீர்மானிக்கிறார்கள். அதன் முன்னால் நின்றவர்களிடம் யாரும் கேட்பதில்லை. அமெரிக்க அரசின் இரு கைகளும் இதில் இரு திசையில் வேலை செய்கின்றன. அதன் இராஜாங்கத் திணைக்களம் பிறநாடுகளில் உபரி ஆயுதங்களை அழிக்கவும், எங்கள் வடக்கில் கண்ணிவெடி அகற்றவும் பணம் கொடுத்தது. அதே நாட்டில் கொங்கிரஸ் உருவாக்கிய அமைப்பொன்று, கிரேக்கம், டென்மார்க், பிலிப்பைன்ஸ் படைகள் திருப்பிக் கொடுத்த எம்1 கரன்ட் துப்பாக்கிகளைப் பொதுமக்களுக்கு விற்கிறது. 2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவி நிறுத்தப்பட்டபோது உலகெங்கும் கண்ணிவெடி அகற்றும் பணிகள் தடைப்பட்டன. துப்பாக்கி விற்பனை தடைப்படவில்லை.

எங்கள் போரின் துப்பாக்கிகள் எங்கே? 2009 மே மாதத்துக்குப் பின் கைப்பற்றப்பட்டவை எத்தனை, அழிக்கப்பட்டவை எத்தனை, களஞ்சியத்தில் இருப்பவை எத்தனை என்று பொதுமக்கள் படிக்கக்கூடிய முழுமையான கணக்கொன்றை இதுவரை நான் கண்டதில்லை. தெற்கில் பாதாள உலகக் கொலைகளில் ரி-56 வெடிக்கும் ஒவ்வொரு தடவையும் அது எந்தக் களஞ்சியத்திலிருந்து வந்தது என்ற கேள்வி இரண்டு நாள் செய்தியாகி ஓய்ந்துவிடுகிறது. வடக்கிலோ, கிணறு வெட்டும்போது நாலு ரவை வந்தாலே பொலிஸ், விசாரணை, பெயர் விபரம். யாருக்கும் சொல்லாமல் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் பக்கத்தில் வேறு இடத்தில் வெட்டியவர்களை எனக்குத் தெரியும். அது ஆபத்தான முடிவு என்பதும் தெரியும். இருந்தும் அவர்களைக் குறைசொல்ல என்னால் முடியவில்லை.

ஆசிரியர் இடைக்கிடை மின்னஞ்சல் எழுதுவார். கடைசியாக எழுதியதில், துலக்கிய கோது நானூறு ஐஸ்கிறீம் பெட்டிகளில் கிடப்பதாகவும், வெடிமருந்து கிடைக்காததால் அவை அப்படியே இருப்பதாகவும் சொல்லியிருந்தார். நான் மேசையில் மறந்துவிட்டுப் போன கோதைக் கண்டெடுத்து வைத்திருக்கிறாராம். தபாலில் அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தார். வேண்டாம் என்று எழுதினேன்.